பேஸ்பாலின் எழுதாத விதிகள்: ஆட்டம் பார்த்துக்கொண்டே புரிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

பேஸ்பாலின் விதிப் புத்தகத்தை வரி விடாமல் படித்தவரும் சில நேரம் ஆட்டத்தின் நடுவே திகைத்துப் போவார். ஒருவர் அழகாக ஹோம் ரன் (பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பும் அடி) அடிப்பார். அடுத்து வருபவரின் முதுகுக்குப் பின்னால் பந்து சீறிக்கொண்டு போகும். பந்து எறியும் பிட்சர் முறைப்பார், அம்பயர் ஓடி வருவார், இரண்டு அணியும் இருக்கையை விட்டு எழும். அந்த ஹோம் ரனில் விதிப்படி ஒரு குறையும் இருக்காது. மீறப்பட்டது எழுதாத விதி.

முதன்முறையாக வட அமெரிக்காவின் உச்ச லீகான மேஜர் லீக் ஆட்டம் பார்க்க வருகிற நண்பர்கள் பலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதை விளக்கியிருக்கிறேன். எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று ஒரு பட்டியலைக் கேட்டு மனப்பாடம் செய்யப் பார்க்கிறார்கள். பட்டியல் உதவாது. முதல் இன்னிங்ஸில் கைதட்டல் வாங்குகிற அதே செயல் எட்டாவது இன்னிங்ஸில் சண்டையில் கொண்டுபோய் விடும். அதனால் பார்க்கும் வரிசைதான் முக்கியம்: முதலில் ஸ்கோர், அப்புறம் செயல், கடைசியில் அதற்கு வரும் எதிர்வினை.

1. ஆட்டத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவை

ஒவ்வொரு அணிக்கும் 9 இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் 3 அவுட். மூன்று பேஸையும் வரிசையாகத் தொட்டு, அடித்த இடமான ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினால் ஒரு ரன். எல்லைக்கு வெளியே வந்து பேட்டர் வீசாமல் விட்ட பந்து 'பால்'; எல்லைக்குள் வந்ததோ வீசித் தவறவிட்டதோ 'ஸ்ட்ரைக்'. நான்கு பால் ஆனால் பேட்டர் முதல் பேஸுக்கு நடந்து போகலாம். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவர் அவுட். பந்து பேட்டரின் உடம்பில் பட்டாலும் அவருக்கு முதல் பேஸ் இலவசம். இந்தக் கடைசி விஷயத்தை நன்றாக மனதில் வையுங்கள். வேண்டுமென்றே அடிக்கிற பிட்சர் எதிரணிக்கு ஓர் ஆளை இனாமாகக் கொடுக்கிறார். அவர் எப்போது அதற்குத் துணிவார் என்பதை 7ஆம் பகுதியில் பார்க்கும்போது இது தேவைப்படும்.

கவுண்ட், அதாவது பால்-ஸ்ட்ரைக் கணக்கு, படிக்கத் தெரிய வேண்டும். 3-0 என்றால் மூன்று பால், ஸ்ட்ரைக் ஒன்றுகூட இல்லை. அடுத்த பந்தும் தவறினால் பேட்டர் நடந்துவிடுவார் என்பதால் பிட்சர் நேராக, நடுவில் போட்டாக வேண்டிய நிலைமை. பேட்டருக்கு இதைவிடச் சுலபமான பந்து கிடைக்காது.

அந்த இரண்டு அணிகளுக்கும் இடையே பழைய கணக்கு ஏதாவது இருக்கிறதா என்று ஆட்டத்துக்கு முன் ஒரு முறை தேடிப் பாருங்கள். ஒரு பருவத்தில் ஓர் அணி 162 ஆட்டங்கள் ஆடுகிறது. ஒரே பிரிவில் இருக்கும் அணிகள் இப்போது 13 முறை மோதுகின்றன. இன்று தீராத கோபம் அடுத்த மாதம் தீரும். 2014 பிளேஆஃபில் ஹண்டர் ஸ்ட்ரிக்லண்டின் பந்துகளில் பிரைஸ் ஹார்ப்பர் இரண்டு ஹோம் ரன் அடித்தார். 2017 மே மாதம் இருவரும் மறுபடி சந்தித்தபோது ஸ்ட்ரிக்லண்ட் போட்ட முதல் பந்தே ஹார்ப்பரின் இடுப்பில் பட்டது. அன்றைய ஆட்டத்தை மட்டும் பார்த்தவருக்குக் காரணம் பிடிபட்டிருக்காது.

2. ஸ்கோர்போர்டைப் பார்த்துவிட்டு ஆட்டக்காரரைப் பாருங்கள்

எழுதாத விதிகளில் பாதி "ஏற்கெனவே தோற்றுவிட்டவரை மேலும் அவமானப்படுத்தாதே" என்ற ஒரே எண்ணத்திலிருந்து வருபவை. ஆகவே முதல் கேள்வி: இந்த ஆட்டம் இன்னும் திறந்திருக்கிறதா, முடிந்துவிட்டதா?

இதற்கு ஒத்துக்கொள்ளப்பட்ட எண் எதுவும் கிடையாது. நான் வைத்திருக்கும் அளவு இது: ஏழாவது இன்னிங்ஸோ அதற்குப் பிறகோ, வித்தியாசம் 6 அல்லது 7 ரன்னுக்கு மேல் என்றால் பல அணிகள் ஆட்டம் முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். மூன்று பேஸிலும் ஆள் நின்று பேஸ்கள் நிரம்பியிருக்கும்போது ஒரே அடியில் 4 ரன் வந்துவிடும் என்பதால், 4 ரன் முன்னிலையை யாரும் பெரிதாக நினைப்பதில்லை.

ஆனால் இந்த ஆட்டம் முடிய நேர வரம்பு கிடையாது. கடைசி அவுட் விழும் வரை எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம். 2001 ஆகஸ்ட் 5 அன்று சியாட்டில் மரினர்ஸிடம் 14-2 என்று பின்தங்கியிருந்த கிளீவ்லண்ட், 11 இன்னிங்ஸில் 15-14 என்று ஜெயித்தது. "முன்னிலையில் இருப்பவர் அடங்கி ஆட வேண்டும்" என்று யாராவது சொல்லும்போது எனக்கு அந்த ஆட்டம்தான் நினைவுக்கு வரும்.

3. பெரிய முன்னிலையில் மூன்று தடைகள்

முதலாவது, 3-0 கவுண்ட்டில் பேட்டை வீசக்கூடாது. பிட்சர் வேறு வழியில்லாமல் நடுவில் போடுகிறார். தோற்றுக்கொண்டிருப்பவரிடம் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளாதே என்பது காரணம்.

2020 ஆகஸ்ட் 17 அன்று சான் டியாகோ பாட்ரேஸ் 10-3 என்று முன்னிலையில் இருந்தது. எட்டாவது இன்னிங்ஸ், பேஸ்கள் நிரம்பியிருந்தன, கவுண்ட் 3-0. ஃபெர்னாண்டோ தாத்தீஸ் ஜூனியர் பேட்டை வீசினார். பந்து வெளியே போய் 4 ரன். அடுத்து வந்த டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் பிட்சர் இயன் கிபோ, மேனி மச்சாடோவின் முதுகுக்குப் பின்னால் பந்தை எறிந்தார். லீக் கிபோவுக்கு 3 ஆட்டமும் ரேஞ்சர்ஸ் மேலாளருக்கு ஓர் ஆட்டமும் தடை விதித்தது. அடித்தவருக்குத் தண்டனை எதுவும் இல்லை. ஆட்டக்காரர்கள் பலர் வெளிப்படையாக தாத்தீஸ் பக்கம் நின்றார்கள். இந்த விதியின் பிடி தளரத் தொடங்கியது அங்கேதான்.

அடுத்த ஆண்டு மே மாதம் இதே விவகாரம் சிகாகோ அணிக்கு வந்தது. வைட் சாக்ஸ் 15-4 என்று முன்னிலை. எதிரே மினசோட்டா ட்வின்ஸ், தன் பிட்சர்களைக் காப்பாற்றுவதற்காக வில்லியன்ஸ் அஸ்துடியோ என்ற ஃபீல்டரை மவுண்டில் (பிட்சர் நிற்கும் மேட்டில்) நிறுத்தியிருந்தது. மணிக்கு 50 மைல்கூட இல்லாத அவருடைய பந்தை, 3-0 கவுண்ட்டில், யெர்மின் மெர்சிடஸ் ஹோம் ரனாக அடித்தார். அவருடைய சொந்த மேலாளர் டோனி லா ரூசாவே அவரைப் பகிரங்கமாகக் கண்டித்தார். மறுநாள் மெர்சிடஸின் பின்னால் ஒரு பந்து பறந்தது. என் கருத்தைக் கேட்டால், பிட்சர் அல்லாத ஒருவரை நிறுத்திய அணி அதன் விளைவையும் ஏற்கத்தான் வேண்டும். அடித்த பந்துக்குப் பதில் பந்தால் ஆளை அடிப்பதில் எந்த மரியாதையும் இல்லை.

இரண்டாவது தடை, பேஸ் திருடுவது: பிட்சர் எறியும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலர் தவறவிடுவார்கள். முதல் பேஸ் ஃபீல்டர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். அவர் பேஸை ஒட்டி நின்று ஓட்டக்காரரைக் கட்டிப்போட முயன்றால் அந்த அணி இன்னும் போராடுகிறது, திருடலாம். அவர் பின்னால் தள்ளி நின்றால் "போனால் போ" என்று விட்டுவிட்டார்கள் என்று பொருள். அப்போது ஓடினால் கோபம் வரும். பலன்கூட இல்லை, யாரும் தடுக்க முயலாதபோது ஸ்கோர் எழுதுபவர் அதைத் திருட்டாகக் கணக்கில் சேர்க்கமாட்டார்.

மூன்றாவது, பன்ட். பந்தை மெதுவாகத் தட்டிவிட்டு ஓடுவது. பெரிய முன்னிலையில் இதைச் செய்தால், எதிரணியை ஓடவைத்து அலைக்கழிப்பதாக எடுத்துக்கொள்வார்கள்.

4. நோ-ஹிட்டர் நடக்கும்போது

எதிரணிக்கு ஒரு ஹிட்டைக்கூட (அடித்து பேஸை அடைவது) கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் முடிப்பதுதான் நோ-ஹிட்டர். ஆறாவது இன்னிங்ஸ் தாண்டியும் ஹிட் எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தால் அணி உட்கார்ந்திருக்கும் டக்அவுட்டைக் கவனியுங்கள். பிட்சர் தனியாக உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் யாரும் போகமாட்டார்கள், பேச்சுக் கொடுக்கமாட்டார்கள், அந்த வார்த்தையையே உச்சரிக்கமாட்டார்கள். கண் பட்டுவிடும் என்ற பயம் பாதி. அவருடைய கவனத்தைக் கலைக்கக்கூடாது என்ற அக்கறை பாதி.

எதிரணிக்கான விதி: பன்ட் செய்து நோ-ஹிட்டரைக் கெடுக்காதே. 2001 மே 26 அன்று அரிசோனா டயமண்ட்பேக்ஸின் கர்ட் ஷில்லிங் எட்டாவது இன்னிங்ஸில் ஓர் அவுட் எடுக்கும் வரை ஒருவரையும் பேஸ் ஏறவிடவில்லை. அப்போது பாட்ரேஸின் பென் டேவிஸ் பன்ட் செய்து முதல் பேஸை அடைந்தார். அரிசோனா மேலாளர் பாப் பிரென்லி கொதித்தார். ஆனால் ஸ்கோர் 2-0. டேவிஸ் பேஸில் இருந்தால் அடுத்து வருபவர் ஒரே அடியில் சமன் செய்யலாம். ஜெயிக்கத்தான் அவர் ஆடினார். 2019 ஐபிஎல்லில் அஸ்வின் ஜாஸ் பட்லரை ரன் அவுட் செய்தபோது நடந்த வாதத்தை நினைத்துப் பாருங்கள்: விதி ஒரு பக்கம், "முறையா?" என்ற கேள்வி இன்னொரு பக்கம்.

இங்கே எப்படி முடிவு செய்வது? மறுபடியும் ஸ்கோரைப் பாருங்கள். 2-0 என்றால் பன்ட் நியாயம். 9-0 என்றால் பிட்சரின் சாதனையைக் கெடுப்பதைத் தவிர அதற்கு வேறு நோக்கம் இல்லை.

5. ஹோம் ரன் அடித்த பிறகு

பழைய வழக்கம்: பேட்டைக் கீழே போட்டு, தலையைக் குனிந்து, நிதானமாகச் சுற்றி வந்துவிட வேண்டும். நின்று பந்தை ரசிப்பதும் பேட்டைச் சுழற்றி எறிவதும் பிட்சரைச் சிறுமைப்படுத்துவதாகக் கருதப்பட்டன.

2015 அக்டோபர் 14, டொரோன்டோ. தொடரின் முடிவை எழுதும் ஐந்தாவது ஆட்டத்தில் ஹொசே பௌதீஸ்தா 3 ரன் ஹோம் ரன் அடித்துவிட்டு, பிட்சரை உற்றுப் பார்த்து, பேட்டைத் தூக்கி எறிந்தார். எதிரணி ரேஞ்சர்ஸ் அதை மறக்கவில்லை. அடுத்த மே மாதம் அவர்மேல் பந்து எறியப்பட்டது. அவர் இரண்டாவது பேஸில் முரட்டுத்தனமாகச் சறுக்கினார். ருக்நெட் ஓடோர் அவர் தாடையில் குத்தினார்.

அந்தக் காலம் பெரும்பாலும் போய்விட்டது. 2019 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவில் மாக்ஸ் மன்சி அடித்த பந்து மைதானத்தைத் தாண்டி விரிகுடா நீரில் விழுந்தது. பந்தைப் பார்க்காதே, ஓடு என்று பிட்சர் மாடிசன் பம்கார்னர் கத்தினார். பார்க்கக்கூடாது என்றால் போய்க் கடலிலிருந்து எடுத்துக்கொண்டு வா என்றார் மன்சி. கூட்டம் மன்சியின் பதிலைத்தான் கொண்டாடியது.

இன்று எதைப் பார்க்க வேண்டும்? பேட்டர் யாரை நோக்கிக் கொண்டாடுகிறார் என்பதை. தன் டக்அவுட்டைப் பார்த்துக் கத்தினால் பிரச்சினை இல்லை. பிட்சரின் முகத்தைப் பார்த்துக் கத்தினால் வரும். ஸ்ட்ரைக் அவுட் எடுத்துவிட்டுக் குதிக்கும் பிட்சருக்கும் இதே அளவுகோல்தான்.

ரசிப்பதில் இன்னோர் ஆபத்து உண்டு. 2019 ஆகஸ்டில் அட்லாண்டாவின் ரொனால்ட் அகூன்யா ஜூனியர் ஹோம் ரன் என்று நினைத்து நின்று பார்த்தார். பந்து சுவரில் பட்டுத் திரும்பியது. இரண்டாவது பேஸ் வரை போயிருக்க வேண்டியவர் முதல் பேஸில் நின்றார். மேலாளர் பிரையன் ஸ்னிட்கர் அவரை ஆட்டத்திலிருந்தே எடுத்துவிட்டார். ஓட வேண்டிய நேரத்தில் ஓடு என்பது சொந்த அணிக்குச் செலுத்தும் மரியாதை. இந்த விதி காலாவதியாகவே கூடாது என்று நினைக்கிறேன்.

6. மவுண்ட், கேட்சர், அம்பயர்

மைதானத்தின் நடுவே பிட்சர் நிற்கும் மண்மேடுதான் மவுண்ட். எதிரணிக்காரர் அதன்மேல் நடந்து குறுக்கே போகக்கூடாது. 2010 ஏப்ரலில் ஓக்லண்டில் அலெக்ஸ் ரோட்ரிகெஸ் மூன்றாவது பேஸ் பக்கமிருந்து முதல் பேஸுக்குத் திரும்பும்போது மவுண்ட் வழியாகப் போனார். பிட்சர் டாலஸ் பிரேடன் அங்கேயே சத்தம் போட்டார். பல ரசிகர்கள் அப்படி ஒரு விதி இருப்பதையே அன்றுதான் கேள்விப்பட்டார்கள்.

பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கும் அம்பயருக்கும் இடையே உள்ள வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. தப்பிய பந்து கேட்சரின் கையிலோ முகமூடியிலோ பலமாகப் பட்டால், அம்பயர் முன்னால் வந்து சுத்தமாகவே இருக்கும் ஹோம் பிளேட்டைத் தூரிகையால் மெதுவாகத் துடைப்பார். கேட்சர் மூச்சு வாங்கத்தான் அந்த நேரம். அம்பயருக்கு அடிபட்டால் கேட்சர் ஏதோ பேசப் போவதுபோல மவுண்டுக்கு நடப்பார். அடுத்த முறை பாருங்கள், தவறாமல் நடக்கும்.

அம்பயரோடு கருத்து வேறுபாடு இருந்தால் பேசலாம், ஆனால் திரும்பி முகம் பார்த்துப் பேசக்கூடாது. கேட்சர் பிட்சரைப் பார்த்தபடியே, உதடு அசையாத குறையாகச் சொல்வார். திரும்பினால் கூட்டம் முழுக்கத் தெரிந்துவிடும், அம்பயருக்குத் தலைகுனிவு. பேட்டர் பந்து போன இடத்தைக் காட்ட மண்ணில் பேட்டால் கோடு போட்டால் அநேகமாக வெளியேற்றம்தான்.

7. பந்து உடம்பில் பட்டால்: தற்செயலா, வேண்டுமென்றேவா?

புதியவர்கள் அதிகம் தவறு செய்யும் இடம் இது. பட்ட எல்லாப் பந்தும் பழிவாங்கல் என்று நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலானவை கைதவறியவைதான். இந்த வரிசையில் கேளுங்கள்.

என்ன வகைப் பந்து? வளையும் பந்து என்றால் அநேகமாகத் தற்செயல். குறிவைப்பவர் வேகப்பந்தைத்தான் போடுவார். அதுதான் நினைத்த இடத்துக்குப் போகும்.

ஆட்ட நிலைமை என்ன? ஸ்கோர் நெருக்கமாக இருந்து, பேஸ்களில் ஆள் இருந்தால் தற்செயல். முதல் பேஸை இனாமாகக் கொடுத்து ஆட்டத்தை இழக்க யாரும் விரும்பமாட்டார்கள். இரண்டு அவுட், பேஸ்கள் காலி, வித்தியாசம் பெரிது என்றால் சந்தேகப்படலாம்.

எத்தனையாவது பந்து? முதல் பந்தே விலாவை நோக்கி வந்தால் சந்தேகம் கூடும். கேட்சர் வெளிப்பக்கம் கையுறையைக் காட்டியிருக்க, பந்து உள்ளே பாய்ந்தால் இன்னும் கூடும்.

எங்கே பட்டது? பழிவாங்குவதிலும் ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள்: தொடை, இடுப்பு, விலா. தலைப்பக்கம் கூடவே கூடாது. 1920 ஆகஸ்டில் கார்ல் மேஸ் எறிந்த பந்து தலையில் பட்டு கிளீவ்லண்டின் ரே சாப்மன் மறுநாள் இறந்தார். முதுகுக்குப் பின்னால் போகும் பந்தைச் சிலர் "வெறும் எச்சரிக்கை" என்பார்கள். அதை ஏற்காதீர்கள். பந்து உள்ளே வரும்போது பேட்டரின் உடம்பு தானாகவே பின்னால் நகரும். அப்படி நகர்ந்து நேராக அந்தப் பந்தின் வழியிலேயே போய் நிற்பார்.

நன்றாக ஆடியதற்காக அடிப்பதை எந்த எழுதாத விதியும் அனுமதிக்காது. 2018 ஆகஸ்டில் தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் ஹோம் ரன் அடித்திருந்த அகூன்யாவை, மயாமியின் ஹொசே உரேன்யா ஆட்டத்தின் முதல் பந்திலேயே முழங்கையில் அடித்தார். 6 ஆட்டத் தடை கிடைத்தது. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் அவரைப் போன்ற தொடக்க பிட்சர் ஐந்து நாளுக்கு ஒரு முறைதான் எறிவார் என்பதால் உண்மையில் இழப்பது சுமார் ஓர் ஆட்டம். இது போதவே போதாது.

8. இரண்டு அணியும் மைதானத்துக்குள் வந்தால்

டக்அவுட் காலியாக வேண்டும். ஓரத்தில் புல்பென் என்ற இடத்தில் காத்திருக்கும் மாற்று பிட்சர்களும் ஓடி வர வேண்டும். வராதவரை உடை மாற்றும் அறையில் மன்னிக்கமாட்டார்கள். பெரும்பாலானோர் அடிக்க வருவதில்லை, இழுத்துப் பிடிக்கத்தான் வருகிறார்கள். பேட்டைக் கையில் எடுத்துவரக்கூடாது என்பது மீறவே கூடாத எல்லை.

கூட்டத்தின் நடுவில் மட்டும் பார்வையை வைக்காதீர்கள். முதலில் அம்பயர்களைப் பாருங்கள். இரண்டு டக்அவுட்டையும் நோக்கிக் கை நீட்டினால் அது எச்சரிக்கை. அதற்குப் பிறகு வேண்டுமென்றே எறிந்தால் பிட்சரும் அவருடைய மேலாளரும் வெளியே போக வேண்டும்.

ஹார்ப்பர்-ஸ்ட்ரிக்லண்ட் சண்டையில் சான் பிரான்சிஸ்கோ கேட்சர் பஸ்டர் போசி ஒதுங்கியே நின்றார். அதைப் பலர் குறையாகப் பேசினார்கள். ஓடி வந்த அவருடைய அணியின் மைக்கேல் மோர்ஸ் சக வீரரோடு மோதி மூளை அதிர்ச்சிக்கு ஆளானார். அதற்குப் பிறகு அவர் மேஜர் லீக்கில் ஆடவில்லை. போசி செய்ததே சரி.

9. சைகைத் திருட்டு

அடுத்து என்ன பந்து போடலாம் என்று கேட்சர் பிட்சருக்கு விரலால் காட்டும் சைகையை இரண்டாவது பேஸில் நிற்கும் ஓட்டக்காரர் கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்டால், அது திறமை. எதிரணி எரிச்சல்படும், ஆனால் சைகையை மாற்றிக்கொள்ளும். பேட்டரே திரும்பிக் கேட்சரைப் பார்த்தால் அது கேவலம்.

கேமரா வைத்துத் திருடினால் அது எழுதப்பட்ட குற்றம். 2017இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் கேமராவில் சைகையைப் பார்த்து, குப்பைத் தொட்டியைத் தட்டிப் பேட்டருக்குச் சொன்னது. 2020இல் அணிக்கு 50 லட்சம் டாலர் அபராதம். பொது மேலாளருக்கும் களமேலாளருக்கும் ஓராண்டுத் தடை. 2022 முதல் கேட்சர் பொத்தானை அமுக்கினால் பிட்சரின் தொப்பிக்குள் குரல் கேட்கும் கருவி வந்துவிட்டதால், இந்தப் பகுதிக்கு வேலை குறைந்துவிட்டது.

10. பழைய தகவலை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்

இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் பல பழையவை. அவற்றில் சில இன்று எழுதப்பட்ட விதிகளாகிவிட்டன. கேட்சரை இடித்துத் தள்ளிவிட்டு ஹோம் பிளேட்டைத் தொடுவது ஒரு காலத்தில் வீரம். 2011இல் அப்படி ஒரு மோதலில் போசியின் கால் முறிந்தது. 2014இல் அது தடைசெய்யப்பட்டது. 2015 பிளேஆஃபில் சேஸ் அட்லியின் சறுக்கலில் ரூபன் தெஹாடாவின் கால் முறிந்தது. 2016இல் இரண்டாவது பேஸ் சறுக்கலுக்கும் விதி வந்தது.

"நீ எங்கள் ஆளை அடித்தாய், பேட் செய்ய வா பார்க்கலாம்" என்று பிட்சரை மிரட்டுவதும் முடிந்தது. 2022 முதல் இரண்டு லீகுகளிலும் பிட்சருக்குப் பதில் வேறொருவர்தான் பேட் செய்கிறார்.

அமெரிக்காவில் கற்றதை வேறு நாட்டு ஆட்டத்தில் அப்படியே பொருத்தவும் வேண்டாம். கொரிய லீக்கில் பேட்டைச் சுழற்றி எறிவது நெடுங்காலமாகச் சாதாரணம், யாரும் கோபப்படமாட்டார்கள். ஜப்பானில் பந்து பேட்டர்மேல் பட்டால் பிட்சர் தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்பார். அந்த ஆட்டங்களைப் பார்க்கும்போது 7ஆம் பகுதியில் உள்ள கேள்விகளுக்கு முன்னால் இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: பிட்சரின் கை தொப்பிக்குப் போனதா?